அரசியல் சாசன முடியாட்சி என்றால் என்ன? டோங்காவில் அரசர் எதற்கு?

நாட்டின் தலைவராக அரசர் இருப்பார். ஆனால் அவரும் எழுதப்பட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அன்றாட ஆட்சி பிரதமர் கையில். இதுதான் அரசியல் சாசன முடியாட்சி.

பசிபிக் தீவு நாடான டோங்காவில் இதற்கு 1875இல் அடித்தளமிட்டவர் ஓர் அரசரே: முதலாம் ஜார்ஜ் டுப்போ. ஐரோப்பிய வல்லரசுகள் தீவுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. முறையான சட்டம் உள்ள நாடு என்று காட்டினால் தப்பிக்கலாம் என்பது கணக்கு. நிலத்தை விற்கவே கூடாது என்றும் அந்தச் சாசனம் தடுத்தது. என் பார்வையில் அதுதான் அவருடைய மிகக் கூர்மையான முடிவு. பின்னாளில் பிரிட்டனின் பாதுகாப்பின் கீழ் வந்தபோதும் அரச வம்சம் நீடித்தது.

ஆனால் 2010 சீர்திருத்தம் வரை அமைச்சரவையை நியமித்தவர் அரசர்தான். இன்று நாடாளுமன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுக்கும் 17 பேரும், பிரபுக்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் 9 பேரும் இருக்கிறார்கள். பிரதமரைத் தேர்வு செய்வது இவர்கள்.

வீட்டுப் பத்திரம் தாத்தா பெயரில் இருக்கும், வரவு செலவை மருமகள் பார்ப்பாள் அல்லவா? அதுபோலத்தான், பீரோவின் ஒரு சாவி மட்டும் இன்னும் தாத்தாவின் இடுப்பில் இருக்கிறது.

இத்தகைய அரசர்கள் எல்லோருமே வெறும் பொம்மைகள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் டோங்கா அரசர் 2017இல் நாடாளுமன்றத்தையே கலைத்தார். அதன்பின் நடந்த தேர்தலில் மக்கள் முன்பிருந்த அதே பிரதமரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.