குடமுருட்டிக் கரை நிலத்தை விற்காதீர்கள்

பாபநாசத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் நீட்டில் மறுபடியும் கோட்டை விட்டதில் வீடே ஒடுங்கிப்போயிருக்கும். சரி, ஆறுதலை மற்றவர்கள் சொல்லட்டும். குடமுருட்டிக் கரை நிலத்தை விற்றாவது தனியார் மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்கிற உங்கள் தம்பியின் பேச்சைக் கேட்காதீர்கள். குறுவையும் சம்பாவும் விளையும் நிலம் போனால், அடுத்த பிள்ளையை எதை வைத்துப் படிக்க வைப்பீர்கள்?

'பாக்டீரியா நஞ்சை எலிக்கு ஊசி போட்டுப் புற்றுக்கட்டியைக் கரைக்கப் பார்க்கிறார்களாம், எந்நேரமும் அதே பேச்சு' என்று மகளைப் பற்றிச் சலித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். 1890களிலேயே நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, கொல்லப்பட்ட பாக்டீரியாவைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தினார். டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் நோயின் பாக்டீரியா நஞ்சில் ஒரு பகுதியைச் சேர்த்துச் செய்த புற்றுநோய் மருந்துக்கு 1999இல் அமெரிக்காவில் அனுமதியே கிடைத்தது.

இந்த ஆசைக்குப் பொருத்தமான படிப்பு கால்நடை மருத்துவம். 'மாட்டு டாக்டரா?' என்று உறவுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் எலியின் விலாவில், தோலுக்கடியில் புற்றணுக்களைச் செலுத்துவார்கள். கட்டி கைக்குத் தட்டுப்பட்டதும் சில எலிகளுக்கு நஞ்சு, ஒப்பிட்டுப் பார்க்கச் சிலவற்றுக்கு வெறும் உப்புநீர். அப்புறம் வெர்னியர் அளவுகோலால் கட்டியின் நீள அகலம் அளக்க வேண்டும், எடை பார்க்க வேண்டும். ரோமம் சிலிர்த்து, கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தால் எலிக்கு வலிக்கிறது என்று கண்டுகொள்ள வேண்டும். டிப்தீரியா நஞ்சு மனித செல்லைக் கொல்வதுபோல எலி செல்லை எளிதில் கொல்லாது. எலிக்கும் மனிதனுக்கும் உள்ள இந்த வித்தியாசம் தெரியாதவர் சோதனை செய்தால் முடிவு ஏமாற்றிவிடும். அனுமதி தரும் விலங்கு நெறிமுறைக் குழுவிலும் கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில ஒதுக்கீட்டு இடங்களை நீட் கேட்காமல், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறது. உங்கள் மாவட்டத்து ஒரத்தநாட்டிலேயே கல்லூரி இருக்கிறது. உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. பிறகு நோயியலிலோ நுண்ணுயிரியலிலோ எம்.வி.எஸ்சி. என்கிற மேற்படிப்பு. கட்-ஆஃப் லேசுப்பட்டதில்லை. கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. நுண்ணுயிரியல்.

ஒன்று மட்டும். சோதனை முடிந்ததும் அந்த எலிகளைக் கொன்றுதான் கட்டியை அறுத்துப் பார்ப்பார்கள். அது அவளால் முடியுமா என்று யாரும் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். முடியாது என்றால் வற்புறுத்த வேண்டாம், வேறு வழி பார்ப்போம். முடியும் என்றால் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். உங்கள் தம்பியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.