‘கெடுக்கிறதா?’ – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தயாராகிறேன். ‘டிஜிட்டல் தொழில்நுட்பம் உறவுகளைக் கெடுக்கிறதா?’ என்று தலைப்பு வைக்கலாமா? எதைப் படித்தாலும் ஒருவர் ஆம் என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். குழப்பமாக இருக்கிறது.

ஆய்வு மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

ஆம், இல்லை என்ற இரண்டையும் ஒரே குழுவே சொன்ன கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 73 குடும்பங்களுக்கு இணையம் வந்தபின் என்ன நடந்தது என்று சமூக உளவியலாளர் ராபர்ட் கிராவுட்டும் சகாக்களும் பின்தொடர்ந்தார்கள். 1998-இல் முடிவு வெளியானது. இணையத்தில் அதிக நேரம் செலவிட்டவர்கள் வீட்டாருடன் பேசுவது குறைந்திருந்தது. தனிமையும் மனச்சோர்வும் சற்றே கூடியிருந்தன. பிறகு அதே மனிதர்களிடம் மறுபடி போனார்கள். 2002-இல் வெளியான கட்டுரை, அந்தப் பாதிப்புகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்றது. புதிதாகச் சேர்த்த இன்னொரு குழுவில், கலகலப்பாகப் பழகுகிறவர்களுக்கு இணையம் நன்மை செய்திருந்தது, ஒதுங்கியிருப்பவர்களுக்கு அப்படியில்லை.

முதல் ஆய்வு பொய் என்று நான் நினைக்கவில்லை. தொடக்கத்தில் வந்தவர்களுக்குத் தெரிந்தவர் அதிகம் பேர் இணையத்தில் இல்லை, பின்னர் பலரும் வந்துவிட்டார்கள். கருவி அதேதான், சுற்றியிருந்தவர்கள் மாறினார்கள். ‘கெடுக்கிறதா’ என்ற சொல்லில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

மணிக்கணக்கை நம்பியும் இறங்காதீர்கள். மக்கள் சொல்லும் நேரமும் போன் பதிவுசெய்யும் நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பேரின் பக்கங்களில் சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளையும் சிலருக்குச் சோகமான பதிவுகளையும் குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவதன் உணர்ச்சித் தொனி மாறுகிறதா என்று பார்த்தது. 2014-இல் கட்டுரை வந்தபோதுதான் உலகுக்கே தெரிந்தது. விளைவு மிகச் சிறியது. ஆனால் அப்படியொரு சோதனையை நீங்களோ நானோ செய்யவும் முடியாது, சரிபார்க்கவும் முடியாது. சமூகத்தைப் பற்றிய அறிவு நிறுவனங்களின் பூட்டிய அறைக்குள் இருப்பதே ஓர் ஆய்வுக்குப் போதுமான பொருள்.

தரவு கிடைக்காதென்றால் வீட்டுக்குள் பாருங்கள். முதியவரின் கடவுச்சொல், ஓடிபி, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் மகனோ பேத்தியோ கையாளும் வீடுகள் ஏராளம். பணம் அவருடையது, திறவுகோல் இன்னொருவரிடம். அங்கே அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்பதை யாராவது பொறுமையாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்படுகிறேன். ஒன்று மட்டும்: இருவரையும் தனித்தனியே சந்தியுங்கள். சேர்ந்து உட்காரவைத்துக் கேட்டால் பெரியவர் ‘எல்லாம் பழகிப்போச்சு’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அன்புடன்