ஹெட்மாஸ்டரோடு டீச்சர்கள் வந்தால் 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா?

'தி ஹெட்மாஸ்டர், அஸ் வெல் அஸ் தி டீச்சர்ஸ்' என்று எழுதிவிட்டு அடுத்து 'இஸ்' வருமா 'ஆர்' வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'இஸ்'தான், சந்தேகமே வேண்டாம். ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போல. உங்கள் கைடில் 'ஆர்' என்று இருந்தால் நம்பாதீர்கள்.

எனக்கு இது பட்ட அனுபவம். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் என் மகள் 'தி கேப்டன், அலாங் வித் தி பிளேயர்ஸ், ஹேஸ் அரைவ்டு' என்று எழுதியிருந்தாள். 'ஹேஸ்' மேல் சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் 'ஹேவ்'. விடைத்தாளோடு பள்ளிக்கே போனேன். "ஒரு மார்க்குக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்ற டீச்சர், மேஜையில் இருந்த கைடைத் திறந்து காட்டினார். அதிலும் 'ஹேவ்'!

"கண்ணனும் நண்பர்களும் வந்தார்கள், சரி. கண்ணன் நண்பர்களோடு வந்தார்கள்னு சொல்வோமா டீச்சர்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தவர், 'ஹேவ்'வை அடித்துவிட்டு மார்க் போட்டார். அவர்மேல் எனக்கு மதிப்புதான் கூடியது.

'அண்ட்' போட்டால் இருவருமே எழுவாய். அலாங் வித், டுகெதர் வித், அஸ் வெல் அஸ் எல்லாம் கூட வருபவரைச் சொல்பவை. வினை, முதலில் சொன்ன ஆளைப் பார்த்துத்தான் வரும். 'நைதர், நார்' என்றால் கணக்கே வேறு, வினைக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டும். 'நைதர் தி கேப்டன் நார் தி பிளேயர்ஸ் வேர்'; இடம் மாறினால் 'வாஸ்'. 'அண்ட்'டிலும் ஒரு சிக்கல் உண்டு. 'தி செகரட்டரி அண்ட் டிரெஷரர்' என்றால் ஒரே ஆள், அதனால் 'இஸ்'. டிரெஷரருக்கு முன்னால் இன்னொரு 'தி' வந்தால் இரண்டு பேர்.

வெள்ளைக்காரர்களே பேசும்போது மாற்றிச் சொல்கிறார்களே என்று சிலர் வருவீர்கள். சொல்கிறார்கள்தான். பரீட்சைத் தாளில் அது எடுபடாது. ஒரு மார்க்குக்குச் சண்டை போட்ட அப்பா என்றும் நினைக்காதீர்கள். சரியாக எழுதிய பிள்ளை, தான் எழுதியது தப்பு என்று நம்பிவிடக் கூடாது.

என் கோபமெல்லாம் அந்தக் கைடு போடுகிறவர்கள் மேல்தான். விடை மட்டும் அச்சடிக்கிறார்கள், ஏன் என்று ஒரு வரி கிடையாது. விலையை மட்டும் வருஷாவருஷம் ஏற்றுகிறார்கள். தவறைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதினேன், பதில் இல்லை. புதுப் பதிப்பைக் கடையில் புரட்டிப் பார்த்தேன். அதே கேள்வி, அதே 'ஹேவ்'.