விரலை எடுக்கத் தெரிந்தவர்

அன்புள்ள ஐயா,

நாகர்கோவிலில் ஆலயப் பாடகர் குழுவுக்கும் சில மேடைக் குழுக்களுக்கும் கீபோர்டு வாசிக்கிறேன். வயது 23. ப்ளூஸ், ராக் பதிவுகளுக்கு ஆர்கன் வாசிப்பதைத் தொழிலாகக் கொள்ள ஆசை. அல் கூப்பர் கீபோர்டே தெரியாதவர், தற்செயலாக ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒரே நாளில் பெயர் வாங்கினார் என்று படித்தேன். அப்படியோர் அதிர்ஷ்டம் இல்லாமல் இதில் நுழைய முடியுமா? எந்த ஆர்கன் மென்பொருள் வாங்கலாம்? பழைய ஹாமண்ட் பி-3 ஆர்கன் ஒன்றை அமெரிக்காவிலிருந்து தருவித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். ப்ளூஸுக்கு அது இல்லாமல் முடியாதாமே? கடைசியாக ஒன்று: என் வாசிப்பு பாட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று ஒலிப்பதிவாளர் ஒருவர் சொன்னார். ஏன் என்று புரியவில்லை.

ஜெபின்

அன்புள்ள ஜெபின்,

போகிற போக்கில் கடைசியாகச் சொன்னீர்களே, அதைத்தான் சில வாரங்களாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மற்றவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

மென்பொருள் எதுவானாலும் சரி. ஒலியின் நிறத்தை மாற்ற இழுக்கும் கம்பிகளான டிராபார் ஒன்பது, லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கரின் இரண்டு வேகம் இருந்தால் போதும். மிச்சப் பணத்தில் நல்ல வால்யூம் பெடல் ஒன்று வாங்குங்கள்.

பி-3 வேண்டாம். அதன் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டிக்கொண்டு சுற்றுவது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த வாத்தியம் நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நீங்கள் சி-யை அழுத்தினால் ஏ கேட்கும். வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது, அதிர்வெண்ணையே மாற்றும் கருவி வேண்டும். அது இல்லாமல் ப்ளூஸ் இல்லை என்பதும் பேச்சுக்குத்தான். 1962-ல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் 17 வயது புக்கர் டி. ஜோன்ஸ் ‘கிரீன் ஆனியன்ஸ்’ வாசித்தது வரிசைக்கு 44 கட்டைகளே உள்ள சிறிய ஹாமண்ட் எம்-3 ஆர்கனில்.

இனி கூப்பர். அவரைக் கீபோர்டே தெரியாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ சுவைக்காகச் சொன்ன கதையை ஒரு வாத்தியக்காரர் சரிபார்க்காமல் நம்பலாமா? அவர் 14 வயதில் ராயல் டீன்ஸ் குழுவில் கிதார் வாசித்தவர். அதன்பின் நியூயார்க்கில் பாட்டு எழுதி விற்றுப் பிழைத்தவர். அவர் இருவரோடு சேர்ந்து எழுதிய ‘திஸ் டயமண்ட் ரிங்’ 1965 பிப்ரவரியில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. ஒரு பாட்டில் அடுத்த கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டு, எங்கே விழும் என்பது அவருக்குக் கைவந்த விஷயம். தெரியாதிருந்தது ஹாமண்ட் என்ற யந்திரம் மட்டுமே.

அதே ஆண்டு ஜூன் 16, கொலம்பியா ஸ்டூடியோ. பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ பதிவு. தயாரிப்பாளர் டாம் வில்சன் கூப்பரை வேடிக்கை பார்க்கத்தான் அழைத்திருந்தார். கிதார் வாசிக்கும் எண்ணத்தோடு போனவர், கிதார்காரர் மைக் ப்ளூம்ஃபீல்டின் வாசிப்பைக் கேட்டதும் தன் கிதாரை எடுத்து வைத்துவிட்டார். ஆர்கனில் இருந்த பால் கிரிஃபின் பியானோவுக்கு மாற, காலியான இடத்தில் போய் உட்கார்ந்தார். ஹாமண்டைக் கிளப்ப ஒரு முறை உண்டு. ‘ஸ்டார்ட்’ சுவிட்சை எட்டு விநாடி பிடித்திருக்க வேண்டும். அதை விடாமலே ‘ரன்’ சுவிட்சையும் போட்டு இன்னும் நான்கு விநாடி, பிறகுதான் ‘ஸ்டார்ட்’டை விடலாம். ஓடும் மோட்டாருக்குத் தானாகக் கிளம்பத் தெரியாது, கிளப்பிவிட வேறொரு மோட்டார் வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. அவசரப்பட்டு விட்டால் சுதி தொய்ந்து சக்கரம் நின்றுபோகும். கிரிஃபின் அதை ஓடவிட்டே எழுந்து போயிருந்தார். அதிர்ஷ்டம் என்றால் இந்தச் சுவிட்சு அளவுதான்.

பதிவைக் கேளுங்கள். ஆர்கன் மற்ற எல்லோருக்கும் அரைத் தட்டு பின்னால் வருகிறது. கார்டு எது என்று பிறர் வாசித்துக் காதில் விழுந்த பிறகு விரலை வைக்கிறார். பயத்தில் செய்தார் என்பார்கள். அதற்கு வாத்தியத்தின் இயல்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. பியானோவில் தவறான ஸ்வரம் அடுத்த நொடியே தேயத் தொடங்கும். ஆர்கனில் விரல் இருக்கும்வரை முழு பலத்தோடு நிற்கும். இந்தப் பாட்டின் சரணமோ சி, டி மைனர், இ மைனர், எஃப், ஜி என்று படிப்படியாக ஏறுவது. அடுத்தடுத்த இரண்டு கார்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்வரம்கூட இல்லை, எந்த விரலையும் ஊன்றி நிற்க முடியாது. முந்தினால் பழையதும் புதியதும் கலந்து சேறாகும். காத்திருந்தால் பாடகரின் சொல் முதலில் விழும், ஆர்கன் அதன்பின் விரியும். தாளம் தொடங்கிய பிறகு எடுப்பதற்கு நம்மிடம் அநாகதம் என்று பெயரே இருக்கிறது, அதை யாரும் பிழை என்பதில்லை. அவர் ஆர்கன்காரரே இல்லையே என்று வில்சன் சொன்னபோதும், ஆர்கன் ஒலியைக் கூட்டச் சொன்னார் டிலன்.

கூப்பருக்குப் பின்னாளில் கிடைத்ததெல்லாம் இந்தக் காதுக்குத்தான். 1966-ல் நாஷ்வில்லில் ஹோட்டல் அறையில் பியானோ முன் உட்கார்ந்து, டிலன் வரி எழுதி முடிக்கும்வரை அவருடைய புதுப் பாட்டின் மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு டிலனுக்கு முன்பே ஸ்டூடியோவுக்குப் போய் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ப்ளூஸ் ப்ராஜெக்ட், ப்ளட் ஸ்வெட் அண்ட் டியர்ஸ் ஆகிய குழுக்கள், 1968-ல் ‘சூப்பர் செஷன்’ ஆல்பம், லெனர்ட் ஸ்கினர்ட் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களின் தயாரிப்பு என்று அது நீண்டது. பக்கவாத்தியம் வாசிப்பவருக்குப் பாட்டு முழுவதும் கேட்க வேண்டும். நீங்களோ உங்கள் வலது கையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், ஜெபின். அதனால்தான் பாட்டு அடைபடுகிறது.

ஆர்கன் தானாக ஓயாது, ஓய வைப்பது உங்கள் வேலை. சி-யில் பன்னிரண்டு பார் (நான்கு தட்டு கொண்ட தாள அளவு) ப்ளூஸை மெட்ரோனோமோடு எடுங்கள். முதல் மூன்று டிராபாரை 8 வரை இழுத்து மற்ற ஆறையும் மூடுங்கள். ஸ்வரம் தொடங்கும்போது ‘டொக்’கென்ற தட்டலைச் சேர்க்கும் பெர்கஷன் சுவிட்சுகள் ‘தேர்டு’, ‘சாஃப்ட்’, ‘ஃபாஸ்ட்’ நிலையில் இருக்கட்டும். சி7-லிருந்து எஃப்7-க்குப் போகையில் மேல் சி-யைச் சுண்டுவிரலில் நிறுத்தி மற்றவற்றை மட்டும் நகர்த்துங்கள். ஜி7-இல் சி கிடையாது, அங்கே எல்லா விரலையும் எடுத்துவிடுங்கள். எடுத்தீர்களா என்பதை வாத்தியமே சொல்லும்: ஒரு கட்டை அமுங்கியிருந்தாலும் அடுத்த கார்டுக்குப் பெர்கஷனின் அந்த ‘டொக்’ வராது. நல்ல மென்பொருளும் இதை அப்படியே செய்யும். எத்தனை முறை ‘டொக்’ காணாமல் போனது என்று எண்ணுங்கள்.

இடது கையைத் தூக்கி மடியில் வையுங்கள். பேஸ் கிதார் இருக்கும் இடத்தில் மிகத் தாழ்ந்த ஒலி தரும் 16 அடி டிராபாரைத் திறந்து இடது கையால் கார்டு பிடிப்பவரைப் பதிவுக்கு மறுபடி கூப்பிட மாட்டார்கள். பாடகர் பாடும்போது முதல் இரண்டு பழுப்பு டிராபாரையும் முழுக்க மூடி, அடுத்த இரண்டு வெள்ளையை மட்டும் வைத்து, நடு சி-க்கு மேலேயே இருங்கள்.

கட்டையை ஓங்கி அடித்தாலும் ஒலி பெரிதாகாது. ஏற்றம் இறக்கம் எல்லாம் வலது காலில். சரணத்தில் பெடலைப் பாதிக்கு மேல் மிதிக்காதீர்கள், கோரஸுக்குப் போக இடம் வேண்டும். லெஸ்லியின் மேல் கொம்பு ஒரு விநாடி வாக்கில் வேகம் பிடிக்கும், கீழ் உருளைக்குப் பல விநாடிகள் ஆகும். நிமிடத்துக்கு 96 தட்டு ஓடும் பாட்டில் ஒரு பார் இரண்டரை விநாடி. ஆகவே கோரஸுக்கு ஒரு பார் முன்பே சுவிட்சைத் தட்டுங்கள். கோரஸ் வந்தபின் தட்டினால் பாதி கோரஸ் அதைத் துரத்துவதிலேயே போகும்.

ஒரு மாதம் தினம் அரை மணி நேரம் இதை மட்டும் செய்யுங்கள். அதன்பின் ஒரு பாட்டைப் பதிந்து அனுப்புங்கள், பாடகரின் குரலோடு. ஆர்கனை மட்டும் தனியாக அனுப்ப வேண்டாம், அதை வைத்து உங்களுக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.