சிறு தொழிலுக்கு வீடியோ எடுக்க, சம்பளம் இல்லாமல் கல்லூரி மாணவர்களை இன்டர்னாக வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் சம்பளம் இல்லாமல் வேண்டாம்.

"சான்றிதழ் மட்டும் கொடுத்தால் போதுமா" என்று நீங்கள் கேட்டிருந்த வரியைப் படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. 2022-ல் நான் செய்ததும் அதுதான். உங்களுக்கும் என்னைப் போலவே கையில் காசு குறைவாக இருக்கும், கடையில் ஆள் இருக்காது, எல்லாரும் ரீல்ஸ் போடுகிறார்களே என்ற பதற்றம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்களுக்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கருவாட்டுத் தொழில். அம்மா முப்பது வருஷம் ராமநாதபுரம் சந்தைக்குக் கூடை தூக்கியவர். கொரோனாவுக்குப் பிறகு நான் போனில் ஆர்டர் எடுத்துப் பார்சல் அனுப்பத் தொடங்கினேன். முதலில் ஒரு விளம்பரக் கம்பெனியிடம் போனேன். அவர்கள் அனுப்பிய மாதிரி வீடியோவில் இருந்தது கேரளத்து வள்ளமும் தென்னந்தோப்பும். எங்கள் கடற்கரையில் பனையும் உடைமரமும்தான் நிற்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு கல்லூரியில் பேசி, விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிற இரண்டு பேரை ஒரு மாதத்துக்கு வரச்சொன்னேன். மதியச் சாப்பாடும் முடிவில் சான்றிதழும் தருவதாகப் பேச்சு.

பன்னிரண்டாம் நாள் அந்த இருவரில் ஒரு பெண் வரவில்லை. போன் போட்டால் அவளுடைய அம்மா எடுத்தார். "பஸ்ஸுக்கே நாளைக்கு நூறு ரூவா ஆகுது தாயி. அவுக அப்பாவுக்கு இப்ப வேலையும் இல்ல. வரலன்னு சொல்ல பிள்ளைக்குக் கூச்சம்" என்றார். பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாயிற்றே என்று யாராவது கேட்பீர்கள். இலவசம் டவுன் பஸ்ஸில். ராமேஸ்வரம் போகிற வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் ஆகவேண்டும். பதினோரு நாளும் அந்த வீட்டுக் காசில் அந்தப் பிள்ளை வந்து என் தொழிலுக்கு வேலை பார்த்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் நேரில் போய்ப் பணம் கொடுத்தேன், சான்றிதழும் கொடுத்தேன்.

"நீயும் சிறு வியாபாரிதானே, உன்னால் எவ்வளவு கொடுக்க முடியும்" என்று கேட்கலாம். பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் என்று 2024 அக்டோபரில் வந்ததே, அதில் அப்போது மாதம் 5000 ரூபாய். அது பெரிய கம்பெனிகளுக்கானது, நமக்குப் பொருந்தாது. ஆனாலும் அந்தத் தொகையை ஒரு அளவாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே போகக்கூடாது என்று முடிவு செய்தேன். இப்போது 6000 ரூபாய், பஸ் காசு தனி. எனக்கு இது ஒரு நல்ல சீலா மீன் விலையைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அடுத்தது காலம். இன்டர்ன்ஷிப் என்றால் பிள்ளைகள் மே மாதம்தான் வருவார்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், நாட்டுப்படகு மீன் மட்டும் வரும். கேமராவோடு பிள்ளை வருகிற நேரத்தில் காயப்போடும் தளம் பாதி காலி. முதல் வருஷம் இதை நான் யோசிக்கவே இல்லை. இப்போது மாசி, பங்குனியிலேயே வரத்து நன்றாக இருக்கும்போது நானே என் போனில் சும்மா எடுத்து வைத்துவிடுகிறேன். மே மாதம் வருகிறவர்கள் அதை வெட்டி ஒட்டுவார்கள். கூடவே படகுக்குப் பெயின்ட் அடிப்பது, வலை பின்னுவது, பார்சல் கட்டுவது, குழம்பு வைப்பது என்று எடுப்பார்கள். நீங்கள் கருப்பட்டியோ முண்டு மிளகாயோ விற்பவராக இருந்தால் உங்கள் பருவம் வேறு. சரக்கு எப்போது கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்பதைப் பார்த்து ஆளைக் கூப்பிடுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் நான் பதில் எழுத உட்கார்ந்த காரணம்.

2023-ல் மதுரையிலிருந்து ஒரு பையன் வந்தான். கெட்டிக்காரன், நல்ல உழைப்பாளி. நெத்திலி வீடியோ ஒன்று எடுத்து "உப்பே போடாத கருவாடு" என்று எழுத்துப் போட்டான். அது உண்மை. நெத்திலி மெல்லிய மீன், நல்ல வெயில் இருந்தால் உப்பில்லாமலே இரண்டு நாளில் சுள்ளென்று காய்ந்துவிடும். நாங்கள் உப்புப் போடுவதில்லை. வீடியோ நன்றாகப் போனதும் அதே எழுத்தைத் திருக்கை வீடியோவுக்கும் போட்டுவிட்டான். திருக்கை கனத்த சதை. வெட்டி, எங்கள் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பை நாலு பங்கு மீனுக்கு ஒரு பங்கு என்று போட்டு, தொட்டியில் ஊறவைத்துத்தான் காயவைக்க முடியும். உப்பில்லாமல் வெயிலில் போட்டால் மேலே காயும், உள்ளே கெட்டுவிடும். கடற்கரைக்காரருக்கு இது சொல்லாமலே தெரியும். மதுரைப் பையனுக்கு எப்படித் தெரியும்?

திண்டுக்கல்லில் இருந்து ஒரு பெரியவர் வாங்கினார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், உப்பில்லை என்று நம்பி வாங்கியிருக்கிறார். குழம்பில் வாய் வைத்ததும் தெரிந்துபோய் நிறுத்திவிட்டார், அது கடவுள் செயல். போனில் அவர் சத்தம்கூடப் போடவில்லை. "ஏம்மா, இப்படிப் பொய் சொல்லலாமா?" என்று மட்டும் கேட்டார். பணத்தைத் திருப்பி அனுப்பினேன், வீடியோவை எடுத்தேன், இனி யாரும் அதை நம்பி வாங்கக்கூடாது என்று நானே பேசி மறுப்பு வீடியோவும் போட்டேன். அந்தப் பையனைத் திட்டவில்லை. ஏற்றும் முன்பு பார்த்திருக்க வேண்டியவள் நான். அன்றிலிருந்து எவ்வளவு வேலை இருந்தாலும் வீடியோவை முழுக்கப் பார்த்து, எழுத்தையும் படித்த பிறகுதான் வெளியே போகும். வேலையை அவர்களிடம் கொடுக்கலாம், பொருளுக்கான பொறுப்பைக் கொடுக்க முடியாது.

2024-ல் தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மீனவர் வீட்டுப் பிள்ளை. இரண்டு நாள் கேமராவையே தொடவில்லை, பெண்களோடு உட்கார்ந்து மீன் அலசினாள். மூன்றாம் நாள் சொன்னாள்: "அக்கா, மைக்கப் பிடிச்சா நீங்க டிவியில பேசுற மாதிரிப் பேசுறீக. அம்மாச்சியப் பேச விடுங்க." காலை ஏழு மணிக்கு, வெயில் சாய்வாக விழும்போது, போனை ஒரு மீன் பெட்டியின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். மத்தியானம் எடுத்தால் மணலும் மீனும் வெள்ளையாகப் பூத்துப்போய் ஒன்றும் தெரியாது, அதை அவளே கண்டுபிடித்தாள். கச்சான் என்கிற மேல்காற்று மைக்கில் இரைந்ததால் பழைய துண்டைக் கிழித்து மைக்கைச் சுற்றி, வீட்டுச் சுவர் மறைவில், அவள் அம்மாச்சி என்று கூப்பிடும் என் அம்மாவை உட்காரவைத்தாள். அம்மா நெத்திலியைப் புரட்டிக்கொண்டே, ஒடித்துப் பார்த்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் வாங்காதே என்று சொன்னார். ஐம்பத்திரண்டு நொடி. பாட்டு இல்லை, காற்றுச் சத்தம்தான். அந்த வாரம் முப்பத்தொரு ஆர்டர் வந்தது. பெரிய வியாபாரிகளுக்கு இது ஒரு கணக்கே இல்லை. சந்தையில் விற்காததைக் கூடையோடு திருப்பித் தூக்கிவந்த என் அம்மாவுக்கு அது பெரிய கணக்கு.

அவசியமான இன்னும் இரண்டு விஷயம். சேனலை உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள். எங்கள் முதல் சேனல் மாணவரின் மின்னஞ்சலில் இருந்தது. அவர் போன் நம்பர் மாறியதும் நாற்பது வீடியோவோடு கைவிட்டுப் போனது. யூடியூப் ஸ்டுடியோவில் அனுமதிகள் என்ற இடத்தில் எடிட்டராக ஒருவரைச் சேர்க்கலாம், கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டியதில்லை. மாதம் முடிந்ததும் நீக்கிவிடலாம். இரண்டாவது, டிரோன். பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவருவார்கள். நம் பக்கம் உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. அனுமதி கேட்காமல் பறக்கவிட்டு அந்தப் பிள்ளை காவல் நிலையத்தில் உட்கார்ந்தால் அதன் பெற்றோருக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை, அங்கே இறங்கிப் படம் எடுக்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீடியோ பார்த்து ஆர்டர் வருகிறது. அதை அனுப்புவதுதான் பெரும்பாடு. காற்றுப் புகாமல் பொதிந்து, மேலே இரண்டு உறை போட்டு எடுத்துப்போனாலும், கூரியர் அலுவலகத்தில் 'கருவாடு' என்ற வார்த்தையைக் கேட்டதும் பெட்டியைத் தள்ளி வைக்கிறார்கள். ஒருமுறை பதினோரு நாள் மூலையில் கிடந்து, எங்களுக்கே திரும்பி வந்தது. துணி என்று எழுதிக் கொடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். உணவுப் பொருளை உணவுப் பொருள் என்று எழுதி அனுப்ப ஏன் நான் பயப்பட வேண்டும்? உணவுப் பாதுகாப்புப் பதிவு வைத்திருக்கிறேன், பாக்கெட்டில் எண் அச்சிட்டிருக்கிறேன். அம்மாவை அந்தக் காலத்தில் கூடையோடு பஸ்ஸை விட்டு இறக்கிவிட்ட அதே முகச்சுளிப்பு, இன்று கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. இதை மாற்றச் சொல்லி எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வருகிற கோடைக்கு ஆள் வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே பக்கத்துக் கல்லூரித் துறைத் தலைவரைப் பாருங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம், எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெண் பிள்ளை என்றால் மாலை கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நீங்களே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் நான் கொடுக்கும் தாளின் மாதிரி இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.