தசை தளர்த்தும் மாத்திரை: மருந்தாளர் பதில்கள்

கேள்வி: இடுப்புப் பிடிப்புக்கு கிளினிக்கில் அனாரெக்ஸ் கொடுத்தார்கள். இரண்டிரண்டாக மூன்று வேளை. வலி அடங்காவிட்டால் கூடவே பனடால் போடலாமா?

பதில்: வேண்டாம். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: ஓர்பெனட்ரின் (தசையைத் தளர்த்துவது) 35 மி.கி., பாராசிட்டமால் (வலி குறைப்பது) 450 மி.கி. என்று இருக்கும். பனடாலும் பாராசிட்டமால்தான், சாதாரண மாத்திரையில் 500 மி.கி. நீங்கள் சாப்பிடும் ஆறு அனாரெக்ஸிலேயே 2,700 மி.கி. போய்விடுகிறது. அதோடு பனடாலும் இரண்டிரண்டாக மூன்று வேளை என்றால் மொத்தம் 5,700. நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4,000தான் உச்சவரம்பு. ஈரல் கெடுவது முதல் நாளில் தெரியாது. அதனால், தெரியாமல் அதிகம் சாப்பிட்டிருந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சளிக் காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் இதே மருந்து உண்டு. வலி தாங்கவில்லை என்றால் டாக்டரிடமே திரும்பப் போய்க் கேளுங்கள்.

கேள்வி: கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். காலை வேளை மாத்திரையை மட்டும் விட்டுவிடலாமா?

பதில்: அது போதாது, தம்பி. இரவு போட்ட மாத்திரையின் மந்தம் காலையிலும் இருக்கலாம், பார்வையும் மங்கலாம். என்ன வேலை என்று டாக்டரிடம் சொல்லி எம்சியோ (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்), இலகுவான வேலைக்குக் கடிதமோ கேளுங்கள். முதல் மாத்திரையை வெளியே போக வேண்டியிராத நேரத்தில், வீட்டில் இருக்கும்போது போடுங்கள். மருந்து முடியும்வரை பியர் கூடாது. தூக்கம் வரவைக்கும் இருமல் மருந்தும் சளி மாத்திரையும் மந்தத்தைக் கூட்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. புரோஸ்டேட் வீக்கம் உண்டு. என் அனாரெக்ஸில் மிச்சம் இருக்கிறது, கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஓர்பெனட்ரின் சிறுநீர்ப்பையின் சுருங்கும் சக்தியைக் குறைக்கும். ஏற்கெனவே வழி குறுகியிருப்பவருக்குச் சிறுநீர் அடியோடு நின்றுபோகலாம். குறுகிய கோண கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. வயதானவர்களுக்குக் குழப்பமும் தள்ளாட்டமும் வரும். இரவில் கழிவறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவர் படுத்த படுக்கையாகிவிடலாம். ஏற்கெனவே சாப்பிட்டு, அடிவயிறு கல்லாக இறுகி, சிறுநீர் வராமல் தவித்தால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: மாமியார் பக்கவாதத்துக்குப் பிறகு மூன்று மாதமாக, தசை இறுக்கத்துக்கு பேக்லோஃபென் சாப்பிடுகிறார். எப்போதும் தூக்கம். நிறுத்திவிடலாமா?

பதில்: திடீரென்று நிறுத்தவே கூடாது, அக்கா. பல வாரம் பழகிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், முன்னைவிட மோசமான இறுக்கம் எல்லாம் வரும். அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லும் கணக்கில். ஊருக்குப் போகும்போது மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்பாமல் கைப்பையில் வையுங்கள்.

அந்தத் தூக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பேக்லோஃபென் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பலவீனமானால் வழக்கமான அளவே உடம்பில் தேங்கும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையைக் காட்டி இந்த வாரமே கேளுங்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை என்றால் 995க்கு (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ்) அழையுங்கள்.

கேள்வி: டிசானிடின் என்ற தசை தளர்த்தும் மாத்திரை சாப்பிடும்போது சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: கூடாது. டிசானிடினைச் சிதைக்கும் ஈரல் நொதியை சிப்ரோஃப்ளாக்சசின் தடுத்துவிடும், டிசானிடின் உடம்பில் தேங்கும். ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். அடுத்த வேளைக்கு முன்பே கிளினிக்கைக் கூப்பிட்டு, வேறு ஆன்டிபயாட்டிக் கேளுங்கள்.