நீர்மருதம்பட்டையும் சிவப்பு மருந்தும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு நிறக் கீமோ மருந்து இரண்டு தவணை ஏற்றியாயிற்று. அது இதயத்தைக் கெடுக்கும் என்பதால், தினமும் 10 கிராம் நீர்மருதம்பட்டையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொல்கிறார் குலசேகரத்து வைத்தியர் ஒருவர். எலிகளில் பலன் கண்ட கட்டுரையும் அனுப்பினார். கொடுக்கலாமா? டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரோ என்று தயங்குகிறோம்.

எம்., மார்த்தாண்டம்

அன்புள்ள எம்.,

கடைசி வரிக்காகவே உடனே எழுதுகிறேன். என் பெரியம்மாவுக்கு இதே சிவப்பு மருந்து ஏற்றிய நாட்களில், கஷாய ஃபிளாஸ்க்கைக் கட்டிலுக்கடியில் செருப்புப் பைக்குப் பின்னால் ஒளித்து வைப்பது என் வேலை. நர்ஸ் கேட்டால் சுக்குக்காப்பி என்று சொல்ல வேண்டும். அன்றிரவு பெரியம்மாவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. அது மருந்தின் நிறம்தான் என்பதை அறியாமல், கஷாயம் குடலை அறுத்துவிட்டதென்று விடியும்வரை நடுங்கினோம். கஷாயத்தை மறைத்திருந்ததால் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை.

பட்டை ‘இயற்கை’ என்ற பேச்சை விடுங்கள். இந்த மருந்தின் மூலமே இத்தாலிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர்தான். எலிக் கட்டுரையும் பொய்யல்ல. இம்மருந்து இதயத் தசையில் இரும்போடு சேர்ந்து, செல்களைச் சிதைக்கும் ஃப்ரீ ராடிக்கல்களைப் பெருக்குகிறது, அவற்றை அடக்கும் நொதிகள் இதயத்தில் குறைவு, பட்டையிலுள்ள பாலிபீனால்கள் என்ற தாவரப் பொருட்கள் அக்குறையை ஈடுகட்டும் என்பது அதன் வாதம். அதே வாதத்தை நம்பி மனிதர்களுக்கு வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள், இதயம் காக்கப்படவில்லை. மேலும், 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கீமோவுக்கு முன்னும் கீமோவின்போதும், ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நோய் திரும்புவது கூடுதலாகத் தென்பட்டது. எண்ணிக்கை சிறியதாகையால் அது இறுதித் தீர்ப்பாகாது. ஆனாலும் இதயத்தைக் காக்கும் பொருள் கட்டியையும் சேர்த்துக் காத்துவிடுமோ என்ற ஐயத்தை எலி தீர்த்துவைக்காது.

உங்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது. பட்டைக்குக் கிராம் கணக்கு எழுதிய நீங்கள், அம்மாவுக்கு மொத்தம் எத்தனை தவணை, எக்கோ என்ற இதய ஸ்கேன் எப்போது எடுத்தார்கள் என்று ஒரு சொல் எழுதவில்லை. இதயத்துக்கு ஆபத்து, சேர்ந்துகொண்டே போகும் மொத்த அளவைப் பொறுத்தது. வழக்கமான நான்கு தவணைகளில் உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 240 மில்லிகிராம் சேரும். 400ஐ எட்டும்போது சுமார் 5 சதவீதம் பேருக்கு இதயம் பலவீனமாகிறது, 550இல் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு. தேவைப்பட்டால் கொடுப்பதற்கு டெக்ஸ்ராசாக்சேன் என்ற காப்பு மருந்து இருக்கிறது.

அடுத்த தவணைக்குப் போகும்போது பட்டைப் பொட்டலத்தைப் பிரித்து டாக்டரின் மேசைமேல் வையுங்கள். திட்டினால் வாங்கிக்கொண்டு, எக்கோவுக்குத் தேதி கேளுங்கள். அதுவரை அம்மாவுக்குக் கஷாயம் வேண்டாம்.